இடித்த கான்கிரீட்டின் ஜல்லி: வலிமை தேறிவிடும், உறைபனிதான் சோதிக்கும்

இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டைக் கிரஷரில் உடைத்துச் சலித்தெடுத்த ஜல்லிக் குவியலிலிருந்து ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதில் இரண்டு பொருள்கள் இருப்பது கண்ணுக்கே தெரியும். ஒரு பக்கம் உடைந்த கருங்கல்லின் மினுமினுப்பு. மறுபக்கம் அதை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் பழைய சிமென்ட் சாந்தின் சாம்பல் நிறத் தோல். கல்லின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டால் வழிந்து ஓடிவிடும். சாந்தின் மேல் விட்டால் சற்று நேரத்தில் உள்ளே இழுக்கப்பட்டு, ஈரத்தடம் மட்டும் மிஞ்சும். மறுசுழற்சி ஜல்லியைக் கொண்டு தூணும் உத்தரமும் தளமும் வார்க்கலாமா என்ற கேள்வியில் பொறியாளர்களுக்குள் நடந்துவரும் வாதங்களில் பெரும்பாலானவை அந்தச் சொட்டு நீர் எங்கே போகிறது, அங்கே என்ன செய்கிறது என்பதைப் பற்றியவைதான்.

உடைத்த கருங்கல் ஜல்லி தன் எடையில் அரை முதல் ஒன்றிரண்டு சதவீதம் வரை நீரை உறிஞ்சும். மறுசுழற்சி ஜல்லிக்கு இந்த அளவு 3 முதல் 10 சதவீதம் வரை போகிறது. கல்லில் ஒட்டியிருக்கும் பழைய சாந்தின் அளவே இதற்குக் காரணம். சாதாரணமாக உடைத்த ஜல்லியின் எடையில் கால் பங்கிலிருந்து ஏறக்குறைய பாதி வரை சாந்தாகவே இருப்பதுண்டு. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 1,000 கிலோ ஜல்லி தேவை என்று வைத்துக்கொண்டு, உறிஞ்சல் 6 சதவீதம் என்றால், கல்லுக்குள்ளேயே 60 லிட்டர் நீர் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. அதே கன மீட்டரில் கலவைக்காக ஊற்றும் நீரே 170, 180 லிட்டர்தான். காய்ந்த மறுசுழற்சி ஜல்லியை அப்படியே மிக்சரில் கொட்டினால் கலவை நீரில் மூன்றில் ஒரு பங்கு வரை அது கேட்கக்கூடும் என்பதையும், அந்தப் பசியின் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், வேலைத்தளத்துக்கு வந்து சேரும் முன்பே கலவை ஏன் இறுகிப்போகிறது என்பது விளங்கும். லாரி வந்ததும் கூடுதலாக ஒரு குழாய் நீரைத் திறந்துவிடும் வழக்கம் எங்கும் உண்டு. இந்த ஜல்லியைப் பொறுத்தவரை அந்த வழக்கத்தைவிடப் பெரிய எதிரி வேறில்லை.

முதலில் வலிமையைப் பார்ப்போம். சாதாரணக் கான்கிரீட்டில் கல்லும் சாந்தும் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய பலவீனமான இடைப்பட்டை உண்டு. விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். மறுசுழற்சி ஜல்லி போட்ட கான்கிரீட்டில் இத்தகைய பட்டைகள் இரண்டு: பழைய கல்லுக்கும் பழைய சாந்துக்கும் நடுவில் ஒன்று, பழைய சாந்துக்கும் புதிய சாந்துக்கும் நடுவில் இன்னொன்று. போதாததற்கு, கிரஷரின் தாடையில் அடிபட்டபோது பழைய சாந்துக்குள் விழுந்த நுண்விரிசல்களும் கூடவே வருகின்றன. இவ்வளவு இருந்தும் விளைவு அஞ்சத்தக்கதாக இல்லை என்பதே பல்லாண்டு ஆய்வுகள் காட்டும் செய்தி. பெருஞ்ஜல்லியில் 30 சதவீதம் வரை மாற்றினால் அமுக்க வலிமையில் ஏற்படும் வேறுபாடு, ஒரே தொகுதியில் வார்த்த இரண்டு சோதனைக் கனசதுரங்களுக்கு இடையே வழக்கமாகக் காணும் வேறுபாட்டிலேயே கரைந்துபோகும். முழுவதையும் மாற்றினால் கால் பங்கு வரை குறையலாம். நல்ல ஜல்லியும் கவனமான கலவை வடிவமைப்பும் அமைந்தால் ஒன்றும் குறையாமலும் போகலாம்.

எது நல்ல ஜல்லி என்பதை முடிவு செய்வது பழைய கான்கிரீட்டின் பிறப்பு. புதிய கான்கிரீட்டின் இலக்கு எம் 20, எம் 25 (28 நாளில் ஒரு சதுர மி.மீ.க்கு 20, 25 நியூட்டன் தாங்கும் தரங்கள்) அளவில் இருந்தால், அதில் வரப்போகும் புதிய சாந்தே சுமாரானதுதான். பழைய சாந்து அதைவிட மோசமாக இல்லாதவரை ஜல்லி வலிமையைத் தடுக்காது. இலக்கை எம் 50க்கு உயர்த்தினால் நிலைமை மாறும். புதிய சாந்து கெட்டியாக, சங்கிலியில் மெலிந்த கண்ணியாகப் பழைய சாந்து வந்து நிற்கும். நீர்-சிமென்ட் விகிதத்தை எவ்வளவு குறைத்தாலும் வலிமை ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. முன்வார்ப்புத் தொழிற்சாலைகளில் கழிக்கப்படும் உத்தரங்களையும் பலகைகளையும் உடைத்த ஜல்லிக்கு ஆய்வாளர்களிடையே தனி மரியாதை இருப்பது இதனால்தான்: அதன் வயது, கலவை, வலிமை எல்லாம் பதிவேட்டில் இருக்கும், செங்கல், மரத்தூள், ஜிப்சம் எதுவும் கலந்திருக்காது.

அமுக்க வலிமையை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது வழக்கமான பிழை. பழைய சாந்து கருங்கல்லைவிட நெகிழ்வானது. ஆகவே கான்கிரீட்டின் மீட்சிக் குணகம், அதாவது சுமையின் கீழ் வளைந்துகொடுக்காத விறைப்பு, வலிமையைவிடக் கூடுதலாகக் குறைகிறது. பெருஞ்ஜல்லி முழுவதும் மறுசுழற்சியாக இருந்தால் குணகம் 10 முதல் 33 சதவீதம் வரை குறைவதும், உலரும்போது ஏற்படும் சுருக்கம் 20 முதல் 50 சதவீதம் வரை கூடுவதும், நீடித்த சுமையின் கீழ் ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கும் தவழ்வு 30 முதல் 60 சதவீதம் வரை கூடுவதும் பொதுவாக எடுத்தாளப்படும் அளவுகள். உத்தரம் முறியாது, ஆனால் கூடுதலாகத் தொய்யும். தூணுக்கு இது பெரிய தொல்லையில்லை. நீண்ட இடைவெளியில் மெல்லிய தளம் போடுபவர் வடிவமைப்பு மேசையிலேயே இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். 2023-இல் வெளியான ஐரோப்பியக் கான்கிரீட் வடிவமைப்புத் தரத்தின் புதிய பதிப்பு, மறுசுழற்சி ஜல்லிக் கட்டமைப்புகளுக்கென்றே ஒரு தனிப் பின்னிணைப்பை ஒதுக்கியிருக்கிறது.

குறைந்த வலிமையை மீட்க எளிய வழி சிமென்ட்டைக் கூட்டுவது. எளிய வழிதான், ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மலையை வெட்டாமல் காப்பாற்றுவதற்காக மறுசுழற்சி ஜல்லியை எடுத்துக்கொண்டு, அதன் குறையை மூடுவதற்காகச் சூளையில் வெந்த சிமென்ட்டை அள்ளிப் போட்டால், கார்பன் கணக்கில் மிஞ்சுவது பெரும்பாலும் நட்டமாகவே இருக்கும். அதைவிடப் பொறுமையான வழிகள் உண்டு. ஹாங்காங் ஆய்வாளர்கள் 2005-இல் முன்வைத்த இருகட்டக் கலப்பு முறையில், ஜல்லியையும் மணலையும் முதலில் பாதி நீரோடு கலந்து, பிறகு சிமென்ட்டைச் சேர்த்து, மீதி நீரைக் கடைசியில் ஊற்றுகிறார்கள். கெட்டியான சிமென்ட் பசை பழைய சாந்தின் விரிசல்களிலும் துளைகளிலும் பூசிக்கொண்டு புதிய இடைப்பட்டையை இறுக்குகிறது. வரிசையை மாற்றுவதைத் தவிர இதற்குச் செலவே இல்லை. பழைய சாந்தையும் புதிய கான்கிரீட்டின் சாந்துக் கணக்கிலேயே சேர்த்து, அந்த அளவுக்குப் புதிய சாந்தைக் குறைத்துக் கலவை வடிவமைக்கும் முறையும் கனடாவில் உருவாகியிருக்கிறது. ஆக, வலிமை என்பது இன்று பெருமளவு தீர்ந்த கணக்கு. 28-ஆம் நாள் கனசதுரத்தை அமுக்கிப் பார்த்தால் விடை கையில் வந்துவிடும்.

குளிர்நாடுகளில் அந்த விடை போதாது. நீர் பனிக்கட்டியாக மாறும்போது அதன் கன அளவு 9 சதவீதம் கூடுகிறது. ஒரு மூடிய துளையில் 91.7 சதவீதத்துக்குக் குறைவாக நீர் இருந்தால், விரியும் பனிக்கட்டிக்கு உள்ளேயே இடம் இருக்கும். அதற்கு மேல் நிறைந்திருந்தால் உபரி நீர் எங்காவது தள்ளப்பட்டாக வேண்டும். 1945-இல் அமெரிக்க போர்ட்லாந்து சிமென்ட் சங்கத்தின் டி.சி. பவர்ஸ் இந்தத் தள்ளலையே சேதத்தின் வேராகக் காட்டினார்: சாந்தின் குறுகிய துளைகள் வழியாக நீர் பிதுங்கும்போது எழும் அழுத்தம், அது கடக்க வேண்டிய தூரத்தோடு கூடிக்கொண்டே போகிறது, ஓர் அளவைத் தாண்டினால் சாந்து கிழிகிறது. நீர் தள்ளப்படுவதற்குப் பதிலாகப் பனிக்கட்டியை நோக்கி இழுக்கப்படுகிறது என்று பின்னாளில் அவரே தம் விளக்கத்தைத் திருத்திக்கொண்டார். ஆனால் தூரம் முக்கியம் என்ற முடிவு மாறவில்லை. சாந்தின் எந்தப் புள்ளியிலிருந்தும் ஏறக்குறைய 0.2 மி.மீ. தூரத்துக்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தால் கான்கிரீட் பிழைத்துக்கொள்ளும் என்பது இன்றுவரை நடைமுறையில் இருக்கும் கட்டைவிரல் கணக்கு.

அந்தக் குமிழிகளைக் கண்டுபிடித்ததே தற்செயலாகத்தான். 1930களில் வடகிழக்கு அமெரிக்காவின் சில சாலைகள் மட்டும் உப்பையும் பனியையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கின. தேடிப் பார்த்தபோது, அவற்றுக்குப் போன சிமென்ட்டை அரைக்கையில் மாட்டுக் கொழுப்பு போன்ற பொருள்கள் சேர்க்கப்பட்டிருந்ததும், அவை கலவையில் சோப்புபோல் நுரைத்துக் கோடிக்கணக்கான நுண்குமிழிகளை விட்டுச் சென்றதும் தெரியவந்தது. இன்று அதையே ரசாயனக் கூட்டுப்பொருளாக அளந்து ஊற்றுகிறார்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு: காற்று ஒரு சதவீதம் கூடினால் வலிமையில் சுமார் 5 சதவீதம் போகும்.

மறுசுழற்சி ஜல்லியின் உண்மையான சிக்கல் இங்கேதான் தலைகாட்டுகிறது. முன்பு கணக்கிட்ட அந்த 60 லிட்டர் நீரை மறுபடி எடுத்துக்கொள்வோம். அது முழுவதும் உறைந்தால் 5.4 லிட்டர் கூடுதல் இடம் கேட்கும். புதிய கான்கிரீட்டில் 5 சதவீதம் காற்று புகுத்தியிருந்தால் அங்கே 50 லிட்டர் வெற்றிடம் இருக்கிறது. கன அளவுக் கணக்கில் தாராளம். தூரக் கணக்கில் பஞ்சம். ஏனென்றால் அந்தக் குமிழிகள் எல்லாம் புதிய சாந்தில் இருக்கின்றன, நீரோ பழைய சாந்துக்குள் இருக்கிறது. 20 மி.மீ. ஜல்லியில் ஒட்டிய பழைய சாந்தின் தடிமன் சில மில்லிமீட்டர். சில ஜல்லித் துண்டுகள் கல்லே இல்லாமல் முழுக்கச் சாந்துக் கட்டியாகவே இருக்கும். அதன் நடுவில் இருக்கும் நீருக்கு மிக அருகிலுள்ள குமிழி 0.2 மி.மீ. அல்ல, அதைப்போல் பத்து, இருபது மடங்கு தொலைவில் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் கிணறு இருந்தும் வீடு எரிவதுபோல, புதிய சாந்து எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் பழைய சாந்து உள்ளிருந்தே வெடித்து, தன்னைச் சூழ்ந்த புதியதையும் பிளந்துவிடும்.

பழைய கான்கிரீட்டிலேயே குமிழிகள் இருந்திருந்தால்? அப்போது ஜல்லி தன் பாதுகாப்பைத் தன்னோடு கொண்டுவருகிறது. ஜப்பானைச் சேர்ந்த ஆய்வாளர் குழு ஒன்று 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. காற்றேற்றிய பழைய கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லியும், காற்றேற்றாத பழைய கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லியும் தனித்தனியாகப் புதிய காற்றேற்றிய கலவைகளில் சேர்க்கப்பட்டன. முதல் வகை நன்றாகத் தாங்கியது. இரண்டாவது வகை, புதிய சாந்தில் போதிய காற்று இருந்தும் தோற்றது. இந்த ஜல்லியின் உறிஞ்சலையும் அடர்த்தியையும் மட்டும் அளந்து பார்க்கும் சோதனைக்கூடத்துக்கு இந்த வேறுபாடு புலப்படாது என்பதே கவலைக்குரிய பகுதி. குமிழிகள் நிறைந்த சாந்து அடர்த்தி குறைந்தும் துளை மிகுந்தும் தெரியும்; தரம் குறைந்ததென்று ஒதுக்கப்படும் ஜல்லியே பனியில் பிழைத்துக்கொள்ளக்கூடியதாகவும் இருக்கலாம்.

இதைச் சோதிக்கும் முறை எளிமையானது, சலிப்பூட்டுவது. ஏ.எஸ்.டி.எம். சி 666 என்ற அமெரிக்க முறையின்படி, வார்த்த சிறு பட்டகங்களை நீரில் மூழ்கியபடியே 4 டிகிரி செல்சியஸிலிருந்து மைனஸ் 18 டிகிரிக்கு இறக்கி மீண்டும் ஏற்றுகிறார்கள். ஒரு சுற்றுக்கு 2 முதல் 5 மணி நேரம், மொத்தம் 300 சுற்றுகள். இடையிடையே பட்டகத்தை வெளியே எடுத்து, அதிரவைத்து, அதன் ஒத்ததிர்வு எண்ணை அளப்பார்கள். நல்ல மண்பானைக்கும் கீறல் விட்ட பானைக்கும் சுண்டினால் ஓசை வேறுபடுவதுபோல, உள்ளே விரிசல் விழுந்த கான்கிரீட்டின் அதிர்வெண் இறங்கிவிடும். அதிலிருந்து கணக்கிடும் சார்பு இயங்கு குணகம், அதாவது தொடக்க விறைப்பில் எஞ்சியிருக்கும் பங்கு, 60 சதவீதத்துக்குக் கீழே போனால் பட்டகம் தோற்றதாகக் கொள்ளப்படும். மறுசுழற்சி ஜல்லிப் பட்டகங்கள் தோற்கும்போது மேற்பரப்பு பெரிதாகக் கெடாமல் இருக்க, உள்ளே மட்டும் குணகம் சரிந்துபோவது உண்டு. கண்ணால் பார்த்து முடிவு செய்பவர் ஏமாறுவார்.

ஏமாற இன்னோர் இடமும் இருக்கிறது. வேலைத்தளத்தில் புதிய கலவையின் காற்றளவைச் சோதிக்க வழக்கமாக அழுத்தமானிப் பானையைப் பயன்படுத்துகிறார்கள்: கலவையைப் பானையில் நிரப்பி, இறுக மூடி, மேலிருந்து அழுத்தம் கொடுத்தால், உள்ளே எவ்வளவு காற்று சுருங்குகிறது என்பதை முள் காட்டும். புதிய குமிழி எது, பழைய குமிழி எது என்று அந்த முள்ளுக்குத் தெரியாது. ஜல்லியின் துளைகளில் நீர் நிறையாமல் எஞ்சியிருக்கும் காற்றையும் சேர்த்தே அது கணக்கில் காட்டும். முள் 6 சதவீதத்தில் நிற்கும்போது புதிய சாந்தில் உண்மையில் 4 சதவீதமே இருக்கக்கூடும். ஜல்லிக்கான திருத்த எண்ணை ஒவ்வொரு லோடுக்கும் தனியாக அளந்து கழிக்க வேண்டும், இல்லையென்றால் கன அளவு முறையில் குலுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டும் நேரம் பிடிக்கும் வேலைகள் என்பதால், அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இவைதான்.

ஜல்லியை நனைத்துப் போடுவதா, காயவைத்துப் போடுவதா என்ற கேள்விக்கும் பனி ஒரு விடை வைத்திருக்கிறது. கலவை இறுகாமல் இருக்க ஜல்லியை முன்கூட்டியே முழுக்க நனைப்பது நல்லது என்றே தோன்றும். ஆனால் பார்சிலோனாவில் நடந்து 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், முழுக்கக் காய்ந்த ஜல்லியும் முழுக்க நிறைந்த ஜல்லியும் உறைதல்-உருகுதல் சோதனையில் பின்தங்கின. பாதி நனைந்த நிலையில் இருந்த ஜல்லியே மேலாக நின்றது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. முழுக்க நிறைந்த துளை உறைபனிக்கு முன்பே தயாராக நிற்கும் வெடி. முழுக்கக் காய்ந்த ஜல்லியோ தன்னைச் சுற்றியுள்ள பசையின் நீரை உறிஞ்சிப் புதிய பிணைப்பைக் கெடுக்கும்.

இத்தனையும் ஆய்வுக்கூடப் பேச்சு. களத்தில் நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வொர்த்திங்டன் நகரை ஒட்டிய யு.எஸ். 59 நெடுஞ்சாலை. அங்கே 1980-இல் சுமார் 16 மைல், அதாவது 26 கி.மீ., கான்கிரீட் சாலையை உடைத்து, அதே கல்லைக் கொண்டு அதே இடத்தில் புதிய கான்கிரீட் சாலை போட்டார்கள். இதில் வியப்பு என்னவென்றால், பழைய சாலை கெட்டதே பனியால்தான். சில வகைப் படிவுப் பாறைகளின் துளைகள் நீரைப் பிடித்தால் விடுவதில்லை. அவை உறையும்போது கல்லே பிளந்து, சாலையின் இணைப்புகளை ஒட்டி நெருக்கமான கோடுகளாக விரிசல் ஓடும். டி விரிசல் என்பது இதன் பெயர். பனியில் தோற்ற கல்லையே மறுபடி பனிக்குக் கொடுப்பது புத்தியுள்ள செயலாகத் தோன்றாது. ஆனால் அந்தப் பொறியாளர்கள் கல்லின் பெரும அளவை முக்கால் அங்குலத்துக்குக் குறைத்தார்கள். நம்மூரில் முக்கால் ஜல்லி என்று கேட்டு வாங்கும் அதே அளவுதான். கல் சிறியதானால் நடுவில் இருக்கும் நீர் வெளியேறக் கடக்க வேண்டிய தூரமும் சிறியதாகும். பவர்ஸ் சாந்துக்குச் சொன்னது கல்லுக்கும் பொருந்துகிறது. அந்தச் சாலையில் டி விரிசல் பெரிய சிக்கலாகத் திரும்பி வரவில்லை.

அந்தத் தீர்வுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. கான்கிரீட் சாலையில் விரிசல் விழுந்தால், விரிசலின் இரு முகங்களிலும் துருத்தி நிற்கும் பெரிய கற்கள் பல்சக்கரம்போல் கவ்விக்கொண்டு சக்கரச் சுமையை அடுத்த பக்கத்துக்குக் கடத்தும். கல் சிறுத்தாலோ, விரிசல் கல்லைச் சுற்றிப் போகாமல் மெலிந்த ஜல்லியை ஊடறுத்து நேராகப் போனாலோ அந்தக் கவ்வல் போய்விடும். மிச்சிகன் மாநிலம் 1980களில் மறுசுழற்சி ஜல்லியால் போட்ட சில நெடுஞ்சாலைகளில் பலகைகளின் நடுவே விரிசல் விழுந்து விரைவில் சீரழிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. பனிக்காகச் சிறிதாக்கிய கல், சுமைக்குப் போதாமல் போகும் நிலை. ஒரு நோய்க்கான மருந்து இன்னொன்றைக் கிளப்பிவிடும் இத்தகைய இக்கட்டுகள் இந்தத் துறையில் அதிகம்.

தர விதிகளை எழுதியவர்கள் இந்த அனுபவங்களைத் தத்தம் பாணியில் உள்வாங்கியிருக்கிறார்கள். ஜப்பான் ஜல்லியின் தரத்தையே மூன்றாகப் பிரித்தது. எச் வகை என்றால் பெருஞ்ஜல்லியின் உறிஞ்சல் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எம் வகைக்கு 5, எல் வகைக்கு 7. எச் வகையைப் பெறுவதற்கு, உடைத்த கான்கிரீட்டை 300 டிகிரி அளவுக்குச் சூடாக்கி ஒன்றோடொன்று உரசவிட்டோ, இயந்திரத்தில் தேய்த்தோ பழைய சாந்தை உரித்தெடுக்கிறார்கள். கிடைப்பது கிட்டத்தட்ட இயற்கைக் கல்லுக்கு நிகரான ஜல்லி. கூடவே மலைமலையாகச் சிமென்ட் தூளும், எரிபொருள் செலவும். எம் வகை முதலில் உலர்தலும் உறைதலும் தொடாத அடித்தூண், நிலத்தடி உத்தரம் போன்றவற்றுக்கே ஒதுக்கப்பட்டது. 2012 திருத்தத்தில்தான் ஜல்லியையே உறையவைத்துச் சோதித்துத் தேறினால் உறைபனிக்கும் பயன்படுத்தலாம் என்ற வாசல் திறந்தது. எல் வகை, சமப்படுத்தும் கான்கிரீட்டுக்கும் நிரப்புவதற்கும். இவ்வளவு நுட்பமாக வகுத்த பின்னும் ஜப்பானில் இடித்த கான்கிரீட்டின் பெரும்பகுதி சாலைக்கு அடியில்தான் போய்ச் சேருகிறது.

ஜெர்மனி வேறு வழியில் போயிற்று. டார்ம்ஷ்டாட் நகரில் ஆஸ்திரியக் கலைஞர் ஹுண்டர்ட்வாசர் வடிவமைத்து 2000-இல் முடிந்த வால்ட்ஷ்பிராலெ என்ற வளைந்தேறும் குடியிருப்பு, அங்கே மறுசுழற்சிக் கான்கிரீட்டின் முன்னோடிகளில் ஒன்று. ஜெர்மானிய வழிகாட்டி விதி ஜல்லியைச் சுத்தமாக்குவதைவிட அளவைக் கட்டுப்படுத்துகிறது: தூய கான்கிரீட்டிலிருந்து வந்த முதல் வகைப் பெருஞ்ஜல்லியைச் சாதாரணச் சூழலில் 45 சதவீதம் வரை சேர்க்கலாம், உப்பில்லாத உறைபனிச் சூழலில் 35 சதவீதம் வரை. பனி உருக்கும் உப்பு தூவப்படும் இடங்களில் ஒரு கல்கூட அனுமதி இல்லை. உப்பின் சேதம் உள்விரிசலைவிட மேற்பரப்பு செதில்செதிலாக உரியும் தனி நோய். அதில் புதிய சாந்தின் தரமே பெரும்பங்கு என்று ஆய்வுகள் சொன்னாலும், விதி எழுதியவர்கள் துணியவில்லை. பாலத்தின் மேற்பலகையில் பரிசோதனை செய்து பார்க்க எவருக்கும் மனம் வராது என்பது புரிந்துகொள்ளக்கூடியதே.

ஐரோப்பியப் பொது விதியான ஈ.என். 206 இல் உள்ள ஒரு வாக்கியம் எனக்கு இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையாகப் படுகிறது. மூலம் தெரிந்த முதல்தர மறுசுழற்சி ஜல்லியை, அந்தப் பழைய கான்கிரீட் எந்தச் சூழலுக்காக வடிவமைக்கப்பட்டதோ அதே சூழலில் 30 சதவீதம் வரை பயன்படுத்தலாம் என்பதே அது. பனிக்கென்று வார்த்த பாலம் மறுபடி பனிக்குப் போகலாம். அலுவலகக் கட்டடத்தின் உள்தூண் போகக் கூடாது. குளிர்நாடுகளிலும் கட்டடங்களின் உள்பகுதிக் கான்கிரீட்டில் காற்று புகுத்துவதில்லை; சாலை, பாலம், தடுப்புச்சுவர் ஆகியவற்றில் புகுத்துகிறார்கள். இடிபாடு ஆலையின் முற்றத்தில் இந்த இரண்டும் ஒரே குவியலில் விழுந்துவிட்டால், எந்தச் சோதனையாலும் அவற்றை மறுபடி பிரிக்க முடியாது. விதி கேட்பது ஆய்வுக்கூடச் சான்றிதழை அல்ல, கல்லின் ஊரையும் பேரையும்.

இந்தியாவில் மறுசுழற்சி ஜல்லிக்கு ஐ.எஸ். 383 விதியின் 2016 பதிப்பு இடம் கொடுத்தது: கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, கம்பியிட்ட கான்கிரீட்டில் எம் 25 தரம் வரை மட்டும் 20 சதவீதம், எம் 15க்குக் குறைந்த மெலிந்த கான்கிரீட்டில் முழுவதும். சென்னைக்கோ மதுரைக்கோ இதற்கு மேல் உறைபனிக் கேள்வியே இல்லை. உதகையில் புல்நுனியில் படியும் பனி கான்கிரீட்டின் உள்ளே எட்டுவதில்லை. லடாக்கில் கேள்வி உண்டு. லே நகரில் குளிர்கால இரவு மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே போக, பகலில் வெயில் சுவரைச் சுட்டு உருக்கிவிடுகிறது; ஒரே நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். காற்று மிக வறண்டது என்பதால் சாதாரணச் சுவரில் துளைகள் நிறைவதில்லை, ஆனால் நீர்த்தொட்டி, கால்வாய், நீர் கடக்கும் சிறுபாலம், பனிநீர் கசியும் தாங்குசுவர் போன்றவற்றில் நிறைகின்றன.

அங்கே வேலை செய்யும் பொறியாளருக்கு இந்தியக் கான்கிரீட் விதியான ஐ.எஸ். 456 ஒரு பிடிமானம் தருகிறது: ஈரத்தோடு உறையும் இடத்தில் எம் 50க்குக் குறைந்த கான்கிரீட் என்றால் 20 மி.மீ. ஜல்லிக்கு 5 சதவீதம், ஒரு சதவீதம் கூடவோ குறையவோ, காற்று இருக்க வேண்டும். ஐ.எஸ். 383 தன் பங்குக்கு, உறைபனிக்கு ஆளாகும் கான்கிரீட்டின் ஜல்லியைச் சல்பேட் உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்தும் சோதனைக்கு உட்படுத்தச் சொல்கிறது. ஐந்து சுற்றுக்குப் பின் பெருஞ்ஜல்லியின் எடை இழப்பு சோடியம் சல்பேட்டில் 12 சதவீதத்தையும் மக்னீசியம் சல்பேட்டில் 18 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. கருங்கல்லுக்கு இது சரி. மறுசுழற்சி ஜல்லியில் இந்தச் சோதனை தடுமாறுகிறது, ஏனென்றால் துளைக்குள் படிகமாகிப் பனியை நடிக்க வேண்டிய சல்பேட், பழைய சிமென்ட்டோடு வேதிவினையிலும் இறங்கிவிடுகிறது. தோற்ற ஜல்லி பனியால் தோற்றிருக்குமா, உப்பால் தோற்றதா என்று சொல்ல முடியாது. நம் நாட்டுப் பழைய கட்டடங்களில் காற்றேற்றிய கான்கிரீட் அரிது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், லேயில் இடித்த கட்டடத்தின் ஜல்லியை அங்கேயே நீர் தேங்கும் இடத்தில் கம்பியோடு வார்க்க நினைப்பவருக்கு, அந்த ஜல்லி போட்ட கான்கிரீட் பட்டகத்தையே நீரில் மூழ்கவைத்து உறையவும் உருகவும் விட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்குப் பொறுமையோ வசதியோ இல்லாத இடத்தில், அந்த ஜல்லியை அடித்தளத்துக்குக் கீழே போடும் மெலிந்த கான்கிரீட்டிலும், நீர் தேங்காத உள்தளங்களிலும், சாலையின் அடிப்படுகையிலும் செலவழிக்கலாம். அங்கெல்லாம் அதன் வலிமை போதும்.